பெருக்கல் குறி

“அவசரமில்லை டீச்சர். ஒருக்கா மூச்சை இழுத்து விட்டுட்டுத் திரும்பச் செய்து பாருங்கோ.”

பயிற்சியாளர் வினோதன் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று மெல்லச் சொன்னான். கஜேந்தினி தலையாட்டினாள். விரல்கள் விசைப்பலகைக்கு மேலே நின்றனவே தவிர இறங்கவில்லை. தலைக்கு நேர் மேலே ஃபேன் சுழன்றும் கழுத்தோரம் வியர்த்துக்கொண்டே இருந்தது.

கிளிநொச்சியில் ஆசிரியர்களுக்கு நடந்த கணினிப் பயிற்சியின் கடைசி நாள் அது. கணக்கும் விஞ்ஞானமும் படிப்பிக்கிறவர்களைப் பொறுக்கியெடுத்து, பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தயார்செய்தார்கள். இன்று செய்முறைப் பரீட்சை. ஒரு வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளை வாங்கி, சராசரியைக் காட்டும் சின்ன நிரல் ஒன்றை எழுதவேண்டும். அவ்வளவுதான்.

கஜேந்தினியின் திரையில் சராசரி ஆயிரத்தைத் தாண்டி நின்றது.

வினோதனின் முகத்தில் குழப்பம் தெரிந்தது. பயிற்சிக் காலம் முழுக்க வகுப்பில் முதலில் கை தூக்கியவள் அவள். மற்றவர்களின் பிழைகளைக்கூடத் தேடிப் போய்த் திருத்திக்கொடுத்தவள். பரீட்சைப் பயம்தான் இப்படிச் செய்கிறது, நேரம் இருக்கிறது, நீங்கள் கட்டாயம் பாஸ் பண்ணுவீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனான்.

அவன் போகும் வரைக்கும் அவள் விசைப்பலகையைத் தொடவில்லை.

பக்கத்துக் கதிரையில் இருந்த சுமித்திரா ஒட்டுசுட்டானில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். தன் வேலையை முடித்துவிட்டாள். வினோதன் அந்தப் பக்கம் திரும்பியதும், பேனை நுனியால் கஜேந்தினியின் திரையில் ஒரு வரியைத் தொட்டுக்காட்டினாள்.

“இதில பிரிக்கவெல்லோ வேணும்? பெருக்கல் குறி போட்டிருக்கிறியள்.”

“சேர் பாக்கப் போறார் அக்கா. விடுங்கோ.”

சுமித்திராவுக்கு விளங்கவில்லை. இந்தப் பரீட்சை கஜேந்தினிக்கு எவ்வளவு முக்கியம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். போன கிழமை வந்த அதிகாரி தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: பாஸாகிறவர்களை நகரத்தில் கணினிக்கூடம் உள்ள பெரிய பள்ளிக்கூடங்களுக்கு உடனே மாற்றுவார்கள். மாற்றம் வந்தால் மறுக்க முடியாது.

கஜேந்தினிக்கு வீடு கிளிநொச்சி நகரத்தில், வேலை தூரத்துக் கிராமமான ஜெயபுரத்தில். பள்ளிக்கூட நாட்களில் இருட்டோடு எழும்பி பஸ் ஏறவேண்டும். மகள் தேனுகா கண் விழிக்கும்போது அம்மா வீட்டில் இருப்பதில்லை. குழந்தைக்குத் தலை இழுத்துப் பின்னி, சாப்பாடு தீத்தி, முன்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதெல்லாம் கணவன் விதுசன்தான். பயிற்சி தொடங்கிய பிறகுதான் தேனுகா காலையில் அழாமல் எழும்பப் பழகியிருந்தாள். இன்று காலையும் விதுசன் வாசல் படலை வரைக்கும் வந்து, இனி உனக்கு இந்த பஸ் அலைச்சல் இல்லை என்று சந்தோசமாகச் சொல்லி அனுப்பியிருந்தான். அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. “முடிஞ்சுதோ? தேனுகா கேக்கிறாள்” என்று விதுசன் அனுப்பியிருந்தான். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நேரம் முடிந்தது. எல்லோரும் தேத்தண்ணி குடிக்க வெளியே போனார்கள். வினோதன் அவளை மட்டும் நிற்கச் சொன்னான். அவளது நிரலைத் திரும்பவும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தான், புள்ளிகளைக் கூட்டினான், பெருமூச்சு விட்டான். பிறகு கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

“கொஞ்சம்தான் டீச்சர் குறையுது. உங்கட திறமை எனக்குத் தெரியும். இது பதட்டத்தில வந்த பிழை. நான் புள்ளியைப் போட்டுவிடுறன். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.”

கஜேந்தினி மேசையருகே ஓரடி முன்னால் வந்தாள்.

“வேண்டாம் சேர்.”

அவளது நேர்மை அவனுக்கு இன்னும் பிடித்துப்போனது. இதில் குற்றம் ஒன்றும் இல்லை, உங்களைப் போன்ற ஒருவரை விட்டுவிட்டு வேறு யாரைப் பாஸாக்குவது என்று சமாதானம் சொல்லிக்கொண்டே பேனையைத் திறந்தான். பேனை முனை அவள் பெயருக்கு நேரே போனது.

“சேர், ஒரு நிமிசம். எழுதாதேங்கோ.”

அவள் கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தாள். இப்போது விரல்கள் தயங்கவில்லை. பெருக்கல் குறியை அழித்துப் பிரித்தல் குறியைப் போட்டாள். மேலே இன்னும் இரண்டு இடங்களைத் திருத்தினாள். விசைப்பலகையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஓட்டினாள். சராசரி ஐம்பத்தெட்டு என்று சரியாக வந்து நின்றது.

வினோதன் வாயைத் திறப்பதற்குள், செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகப் பழையபடி பிழையாக்கினாள். சராசரி மீண்டும் ஆயிரத்தைத் தாண்டியது.

“எல்லாம் தெரிஞ்சுதான் பிழை விட்டனான் சேர்,” என்றாள். “எங்கட பள்ளிக்கூடத்துக்கு ஆரோ குடுத்த லப்டொப் ரெண்டு பெட்டியோட கிடக்கு. அதைப் பிள்ளையளுக்குப் பழக்கத்தான் இஞ்ச வந்தனான். மாத்துவினம் எண்டு பாதியிலதான் சொன்னவை. முந்தி இருந்த கணக்கு சேர் மாறிப் போனாப் பிறகு, நான் வரும் வரைக்கும் ஒரு வருசத்துக்கு மேல அங்க கணக்குப் பாடமே நடக்கேல்லை. இப்ப ஓ.எல். சோதினை எடுக்கப் போற பிள்ளையளை விட்டுட்டு நான் எப்பிடி வாறது? வீட்டில என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை. தயவுசெய்து என்னைப் பெயிலாக்கி விடுங்கோ சேர்.”