அம்மா பக்கம்

டங்கனும் நானும் டீக் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போக எழுந்தோம்.

சட்டம் அப்படி. குழந்தையை யார் வளர்ப்பது என்று குடும்பம் முடிவெடுக்கும்போது அதிகாரிகள் கூடத்தில் இருக்கக் கூடாது. டங்கன் அரசாங்கத்து ஆள். நான் எங்கள் மாவோரி குலத்தாரே நடத்தும் குழந்தைகள் நல அமைப்பின் ஆள். யாராயிருந்தால் என்ன, சம்பளம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் வெளியே.

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் என்னுடையதைத் தேடினேன். மனசே சரியில்லை.

வைமிரிக்கு இரண்டு வயது. அவள் அம்மா ராகேரா போதையிலிருந்து மீண்டுவர இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். இன்று சாயங்காலத்துக்குள் சொந்தத்தில் ஒரு வீடு கிடைக்காவிட்டால், குழந்தை கடல் தாண்டித் தெற்குத் தீவில் முன்பின் தெரியாதவர்களிடம் போய்விடும். விமானத்தில் கொண்டுபோய் விடவேண்டியவள் நான். அப்படி ஒரு குழந்தைகூடப் போகக் கூடாது என்றுதான் இந்த வேலைக்கே வந்தேன்.

சொந்தத்தில் வீடே இல்லையா என்றால், இருக்கிறது. ஒன்றில் காலை நீட்ட இடமில்லை. இன்னொன்றில் டயாலிசிஸ். மூன்றாவது வீட்டு மாமாவிடம் குழந்தையை விடக் கூடாது என்று அறிக்கை எழுதியதே நான்தான்.

"கிரிவாய், நீ எங்கடி போற?"

மாதெரோவா அத்தை. ராகேராவுக்குப் பெரியம்மா, ஊருக்கெல்லாம் அத்தை. கூட்டத்தை நடத்துகிறவள் அவள்தான்.

"வெளிய, அத்தை. சட்டம்."

"சட்டம் டங்கனுக்கு. ஹோஹேபா எங்க தாத்தாவோட அண்ணன். நீ வந்து உக்காரு."

அப்போதுதான் காலையில் நான் செய்து வைத்த காரியம் உறைத்தது.

எங்களில் யாராவது பேச எழுந்தால் முதலில் மலை, ஆறு, முன்னோர் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். வேலை நிமித்தம் போகிற இடங்களில் நான் அப்பா பக்கத்தோடு நிறுத்திக்கொள்வேன். காலையில் அத்தை ஒன்றும் தெரியாதவள்போல, "அம்மா பக்கம்?" என்றாள். கேட்டபிறகு சொல்லாமல் உட்கார்ந்தால் மானம் போய்விடும். எனக்கோ ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. அம்மாவின் தாத்தா ஹோஹேபாவரை போய்த்தான் நின்றேன். ஊருக்கு நாலு ஹோஹேபா. எங்கள் ஹோஹேபாதான் இவர்களுடைய ஹோஹேபா என்று யார் கண்டது?

அத்தை கண்டிருக்கிறாள். தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்.

பாவம், டங்கன் தனியாக வெளியே போனார். கதவைச் சாத்தினார்கள்.

"சொந்தக்காரங்க கேஸை நாங்க பாக்கக் கூடாது அத்தை. இனிமே நான் உங்களுக்கு எதுவும் செய்ய முடியாது."

"கேஸு பாக்கறதுக்கு ஆயிரம் பேரு வருவாங்க" என்றாள் அத்தை.

ராகேரா இவ்வளவு நாளில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, அவ உங்ககிட்ட வந்தா மட்டுந்தான் தூங்கறா."

தனியாக இருக்கிறேன், பாதி நாள் காரிலேயே கழிகிறது, குழந்தை வளர்த்துப் பழக்கமில்லை என்று சொல்ல எத்தனையோ இருந்தன. எல்லாமே உண்மை.

"முடியாதுன்னா சொல்லிடு. கோவிச்சுக்க மாட்டோம்" என்றாள் அத்தை. அவள் கோபித்துக்கொள்ளாத ஆள் ஊரில் கிடையாது.

வெளியே வந்தபோது டங்கன் படியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"இந்தக் கேஸுக்கு வேற ஆள் போடணும் டங்கன்."

"அது கிடக்கட்டும். வீடு கிடைச்சுதா?"

"கிடைச்சிருக்கு. யாராவது போய்ப் பாக்கணும். கட்டில் இருக்கா, நாய் கடிக்குமான்னு எல்லாம் விசாரிக்கணும்."

அவர் பேனாவை எடுத்தார். விலாசத்தைச் சொன்னேன்.

தெருப் பெயரை எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். போன கிறிஸ்துமஸுக்கு அவர் என் சமையலைச் சாப்பிட வந்த வீடு அது.