ஐந்தாவது கட்டம்

பத்துத் தாளிலும் ஐந்தாவது கட்டம் காலி. மாதவராஜுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

ஏரியூர்ப் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றுக்கு அவர்களது தொண்டு நிறுவனம் அனுப்பும் மருத்துவ வேனுக்கு ஆளே வருவதில்லை. ஏன் என்று ஊர்ப் பெண்களிடமே கேட்டு நாளைக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் வேன் நின்றுவிடும். முழுப் பேட்டியையும் எழுத நேரம் ஏது? ஒருவருக்கு ஒரு தாள், தாளுக்கு ஐந்து கட்டம், அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்த கனிமொழிக்கு அதைக்கூட நிரப்பத் தெரியவில்லை.

நாலு கட்டத்தில் பத்துப் பேரும் ஒரே பல்லவி: காலையில் வேண்டாம், வேன் சாயந்திரம் வரட்டும். ஐந்தாவது, ‘வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?’ அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

"ஊர்ப் பக்கமே போகல, அப்படித்தானே? டீக்கடையில உக்காந்து எழுதின தாள் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா."

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. போனேன் சார் என்றாள் கனிமொழி, குரல் எழும்பாமல். நாளையிலிருந்து வேலைக்கே வர வேண்டாம் என்றார் அவர். அதற்குக்கூட அவள் பதறவில்லை. பேட்டியைப் பதிவு செய்த ரெக்கார்டிங்கைக் கொடு என்று அவர் கேட்டபோதுதான் அவள் முகம் வெளுத்தது.

"தனியாக் கேளுங்க சார்."

திருட்டு முழி என்று நினைத்துக்கொண்டார் மாதவராஜ். செல்போனை வாங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

குள்ளம்மாள் என்ற பெண்ணின் குரல் பேசியது.

"வேற சொல்ல என்னங்க இருக்குது. வேன் பத்து மணிக்கு வருது, நாங்க ஏழுக்கே கூலிக்குப் போயிருவோம். ஏன் இப்படின்னு கேட்டா, நீங்க கேட்ட நேரந்தானேன்னு, போன வருசம் எங்களைக் கேட்டு எழுதினதா ஒரு பேப்பரைக் காட்டுறாங்க வேன் நர்சம்மா. அதுல எங்க பத்துப் பேரு பேரும் இருக்குது. ஆனா எங்க வூட்டு வாசப்படியை ஒருத்தரும் மிதிக்கலீங்க. பிரஷர் மாத்திரை இல்லாம எங்க வூட்டுக்காரருக்குக் கையும் காலும் விழுந்துபோச்சு. அதுல கையெழுத்துப் போட்டிருக்கற மாதவராஜுங்கறவரு யாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

மாதவராஜுக்குப் போனை நிறுத்தக்கூடத் தெரியவில்லை. யாரையும் நிமிர்ந்து பார்க்கவும் முடியவில்லை.

"இதை ஏம்மா எழுதல?" என்றார், காலிக் கட்டத்தைப் பார்த்தபடி.

"பத்துப் பேருமே இதைத்தான் கேட்டாங்க. நீங்களே ஒருதடவை அந்தம்மா வூட்டுக்குப் போயிக் கேட்டுட்டு, நீங்களே எழுதணும்னு விட்டு வெச்சேன் சார்."