மூன்றாவது வரிசையில் மாரியாயி

மூன்றாவது வரிசையில் மாரியாயி உட்கார்ந்திருந்தார். மேடைத் திரையிலும் அவரேதான். பெரிதாக, கறுப்பு வெள்ளையில், அடியில் 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துகளோடு.

மேடையில் நின்ற திருச்செல்வம் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

'மானியம் எழுதி முன்னேறுவோம்' என்ற பயிலரங்கு அது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் நிறைந்திருந்தது. சங்கங்களுக்கும் இல்லங்களுக்கும் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதித் தருவது திருச்செல்வத்தின் தொழில். பெயர் அட்டையில் மட்டும் 'சமூக மாற்றத்தின் கதைசொல்லி' என்று போட்டிருப்பார்.

முன்வரிசையில் அறக்கட்டளைத் தலைவர் ஹென்றி கால்மேல் கால் போட்டிருந்தார். இன்றைய பேச்சு அவருக்குப் பிடித்துவிட்டால் அறக்கட்டளையின் தலைமை எழுத்தாளர் பதவி, கார், அறைக்கதவில் பெயர். பிடிக்காவிட்டால் பழையபடி பண்டமாரானில் யாருடைய சங்கத்துக்காவது கழிப்பறை கேட்டு எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"சார், தண்ணி வேணுமா?" என்று கிசுகிசுத்தாள் ஏற்பாட்டாளர் ஷாமினி.

மூன்றாவது வரிசையில் யார் என்று கேட்க வாயெடுத்தார். 'அங்க யாரும் இல்லியே சார்' என்று சொல்லிவிட்டால்?

"வேணாம்மா. ஏசியக் கொஞ்சம் கொறை லா, குளிருது."

"ஏசி ரிப்பேர் சார். எல்லாரும் விசிறிக்கிட்டு இருக்காங்க."

கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்காக எழுதியபோதுதான் அங்கே சிகிச்சைக்கு வந்த மாரியாயியை அவர் படம் பிடித்தார். நிதி கிடைத்தது. அடுத்த விண்ணப்பத்துக்கு இன்னொரு படம் எடுக்கப் போனால், தாதி தலையைக் குனிந்துகொண்டார்.

"கொஞ்ச வாரமாவே ஆளக் காணோம் சார். போனும் போக மாட்டேங்குது."

டயாலிசிஸ் செய்பவர் வாரக்கணக்கில் வராவிட்டால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? திருச்செல்வம் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரயில் ஏறுவதற்குள் முதல் பத்தி தயார்.

உயிரோடு இருப்பவரைப் பற்றி எழுதினால் பணம் கொடுப்பவர்கள் நேரில் பார்க்க வேண்டும் என்பார்கள். செத்தவரை யாரும் பார்க்கக் கேட்பதில்லை. மாரியாயி முதலில் ஹென்றியின் அறக்கட்டளைக்குப் போன விண்ணப்பத்தில் செத்தார். பிறகு ஒரு தையல் வகுப்புக்காகச் செத்தார். அம்பாங்கில் நூலகம் ஒன்றுக்கும் செத்துக்கொடுத்தார்.

அதன் பிறகுதான் வரத் தொடங்கினார். முதலில் கேஎல் சென்ட்ரல் ரயில் மேடையில். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கை அவரை நோக்கி நீண்டது. ரயில் கதவு மூடும்வரை திருச்செல்வம் கண்ணைத் திறக்கவில்லை. அடுத்து அவர் வீட்டு வாசலில், பட்டப்பகலில். பின்கதவு வழியாக ஓடினார்.

ஐயரைப் பிடித்துத் திதி கொடுத்தார். எந்தத் தேதியில் இறந்தார் என்று ஐயர் கேட்டதும் விழித்தவர், கடைசியில் விண்ணப்பம் அனுப்பிய தேதியைச் சொன்னார். ஐயரும் பஞ்சாங்கத்தைப் புரட்டி, எள்ளும் தண்ணீரும் இறைக்க வைத்தார். அன்று திருச்செல்வம் நன்றாகத் தூங்கினார்.

இன்று மாரியாயி மறுபடியும் வந்திருக்கிறார். கால் தரையில் படுகிறதா என்று எட்டிப் பார்த்தார் திருச்செல்வம். முன்னால் இருந்த நாற்காலி மறைத்தது.

"டேக் யுவர் டைம், திரு. உங்களுக்கும் மனசு தாங்கல, புரியுது," என்றார் ஹென்றி கனிவாக.

பயத்தை நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்கிறார்களா? அதுவும் நல்லதுதான். திருச்செல்வம் கண்ணை மூடிக்கொண்டு மைக்கை இறுகப் பிடித்தார்.

"கடைசி நிமிடத்தில் அந்தத் தாய் என் கையைப் பிடித்தார். 'தம்பி, என் கதையை நாலு பேருக்குச் சொல்லு' என்றார். அந்தப் பிடி இன்னும் என்னை விடவில்லை!"

குரல் நிஜமாகவே நடுங்கியது. மண்டபம் மூக்கை உறிஞ்சியது. கண்ணைத் திறந்து பார்த்தபோது, மாரியாயி மட்டும் புருவத்தை உயர்த்தியிருந்தார்.

ஹென்றி எழுந்து நின்று கைதட்டினார். "நீங்கதான் எங்க ஆளு, திரு. மண்டே ஆபீஸுக்கு வாங்க, சைன் பண்ணிடலாம்."

"யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றாள் ஷாமினி.

மூன்றாவது வரிசையில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. முழங்கைக்குக் கீழே, டயாலிசிஸ் ஊசி குத்திய இடத்தில் புதுப் பிளாஸ்டர். ஷாமினி மைக்கோடு மேடையிலிருந்து இறங்கினாள்.

"ஷாமினி, வேணாம்மா! டைம் ஆச்சு!"

"ஒன்னே ஒன்னுதான் சார். பாவம், ஆன்டி காலையிலேர்ந்து காத்திருக்காங்க."

மைக் கீழே விழப்போகிறது என்று திருச்செல்வம் காத்திருந்தார். விழவில்லை. மாரியாயி அதை வாங்கி, தட்டிப் பார்த்தார். மண்டபம் முழுக்க 'டொக் டொக்' என்று கேட்டது.

"வணக்கம் சார். எவ்வளவு அழகாப் பேசுறீங்க, எனக்கே அழுகை வந்துருச்சு. நான் மககூட ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போயிட்டேன் சார், டயாலிசிஸும் இப்ப அங்கதான். உதவி கேட்டு இவங்க அறக்கட்டளைக்குப் போனா, என் ஐசி, அடையாள அட்டையக் காட்டியும் நம்ப மாட்டேங்கிறாங்க. நீங்க எழுதுனதத்தான் நம்புறாங்க. அதச் சொல்லலாம்னு வந்தா, என்னப் பாத்தாலே ஓடுறீங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஹென்றியின் கைக்குட்டை பாதியில் நின்றது.

"நான் இன்னும் சாகலன்னு ஒன்னு எழுதிக் குடுங்க சார்."