ஒரே காரில் மூவர்

"அண்ணாச்சி, மூணு பெரிய வீட்டுக்காரங்களும் ஒரே கார்ல வந்து இறங்குதாவ." சுடலைராஜுக்கு மூச்சு வாங்கியது.

கால்வாய்ப் பாசனச் சங்கத் தலைவர் ஐயம்பெருமாள் நிமிரவில்லை. "வரட்டும்லே. பொதுக்கூட்டம்னா வரத்தானே செய்வாவ."

சுடலைராஜ் சங்கத்தின் செயலாளர். ஆனால் பதினைந்து வருடமாக அங்கே ஐயம்பெருமாள் வைத்ததுதான் சட்டம். அந்த ஆட்சி எப்படி நிற்கிறது என்பதைச் சுடலைராஜிடம் அவர் ஒளித்ததே இல்லை.

"பெரிய வீட்டுக்காரன் நாற்காலியக் கேக்க மாட்டாம்லே. அடுத்த பெரிய வீட்டுக்காரனை விட ஒரு அடி முன்னால நிக்கணும், அவ்வளவுதான். அந்த ஒரு அடியை நாம குடுக்கணும்" என்பார்.

அணை திறக்கிற அன்று முதல் மாலை மரியாதை திருஞானசம்பந்தத்துக்கு. மேடையில் பக்கத்து இருக்கை குருபிரசாத்துக்கு. நடராஜுக்கு வாரம் தவறாமல் ரகசிய ஆலோசனை. மூவரிடமும் தனித்தனியாக, "மத்த ரெண்டு பேர் மேலயும் ஒரு கண்ணு வச்சுக்கிடும்."

மூவரும் சேரவே இல்லை. தலைவரை யாராலும் அசைக்க முடியவில்லை. அதனாலேயே ஒரு வேலை மட்டும் நடக்கவில்லை. கால்வாயை அகலப்படுத்த மூவரும் கரையோரம் கொஞ்சம் நிலம் விட வேண்டும். ஒருவர் சரி என்றால் அதற்காகவே மற்றவர் மறுப்பார். கால்வாய் முடிகிற கடைமடையில் தண்ணீர் எட்டாமல் முந்நூறு ஏக்கர் காய்ந்து கிடந்தது. சுடலைராஜின் இரண்டு ஏக்கரும் அதில்தான்.

கூட்டம் தொடங்கியதும் நடராஜ் எழுந்து மூன்று கடிதங்களை உயர்த்திக் காட்டினார். "வீட்டுக்கு ஒண்ணா வந்த மொட்டைக் கடுதாசி. ஆனா அத்தனையும் உண்மை. நீரு எங்களைப் பிரிச்சு வச்சு ஆண்ட கதை பூரா இதுல இருக்குவே. இறங்கும்."

ஐயம்பெருமாள் சிரித்தார். "நான் இறங்கினா கடைமடைக்குத் தண்ணி வந்துருமா? மூணு பேரும் ஒரே தாள்ல கையெழுத்துப் போட்டுருவியளோ?"

"பதினஞ்சு வருசமா நீரு முடிக்காததைப் பதினஞ்சு நிமிசத்துல முடிக்கோம் பாரும்" என்றார் குருபிரசாத்.

இழுப்பறையில் வருடக்கணக்காகக் கிடந்த சம்மதப் பத்திரத்தை ஐயம்பெருமாளே எடுத்து நீட்டினார். மூவரும் வரிசையாகக் கையெழுத்திட்டார்கள். பிறகு வாக்கெடுப்பு. ஐயம்பெருமாளுக்காக எழுந்தது சுடலைராஜின் கை ஒன்றுதான்.

வெளியே வந்ததும் சுடலைராஜ் கொதித்தார். "எழுதினவன் யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன் அண்ணாச்சி. எழுத்தைப் பாத்தியளா, கோணக்கோணையா. பள்ளிக்கூடம் போகாத பயலாத்தான் இருக்கும்."

"அப்படிச் சொல்லாதலே" என்றார் ஐயம்பெருமாள். "இடது கையால மூணு கடுதாசி எழுதிப் பாரு, அப்பத் தெரியும்."