கிடங்குக் காற்று

"சாவி இல்லன்னா பூட்ட ஒடைங்க. உள்ள பாக்காம நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

ஆய்வுக்கு வந்த அதிகாரியம்மா கிடங்கு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரிக்கு வியர்த்துக் கொட்டியது.

மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை அது. மரத்தூள், பட்டை, உதிர்ந்த கிளை, இவைதான் அடுப்புக்குப் போகலாம் என்பது விதி. அதனால்தான் பசுமை மின்சாரம் என்று பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் எங்கெங்கோ இருப்பவர்கள் முதல் போட்டிருந்தார்கள். பச்சை மரம் ஒன்று அகப்பட்டாலும் பெயர் போகும், முதல் போகும், ஆலைக்குப் பூட்டு விழும். கிடங்குக்குள் ஒன்றா இரண்டா, பின்மலைக் காடே வெட்டுப்பட்டுப் படுத்திருந்தது.

"பின்னாடி மலை மொட்டையா இருக்கே மேஸ்திரி?"

"வயசானா மொட்டைதானே மேடம்," என்று தன் தலையைத் தடவிக் காட்டினார். அந்தம்மா சிரிக்கவில்லை.

கைபேசி அடித்தது. தங்கை.

"அண்ணே, அவரு போன எடுக்க மாட்டேங்கறாரு. பிள்ளைக்கு உடம்பு அனலா கொதிக்குது."

"மாப்பிள்ளை வேலையா இருக்காரும்மா. வேலை வாங்கிக் குடுன்னு மூக்கச் சிந்தினது நீதானே? இப்ப செய்ய விடு."

அவர் கைபேசியைப் பையில் போடும்போது கிடங்குக்குள் 'டொக் டொக்' என்றது.

"என்ன சத்தம் அது?"

"எலி மேடம். எங்க எலிக்கு மரியாதையே தெரியாது." இரும்புக் கதவை ஓங்கி ஓர் உதை விட்டார். சத்தம் அடங்கவில்லை.

"சரி, திறங்க."

இனி இழுத்தடிக்க முடியாது. பாதுகாப்பு வகுப்பில் தூங்கி வழிந்தபோது காதில் விழுந்த ஒன்று அவருக்கு நினைவு வந்தது. வேலைக்காரனைப் பயமுறுத்தக் கட்டிவிட்ட கதை என்று அன்றே தள்ளிவிட்டிருந்தார். இப்போது அது கைகொடுத்தது.

"திறக்கறேன் மேடம். ஆனா உள்ள போற உயிருக்கு நான் பொறுப்பில்ல. மரத்தூளை அழுத்திப் பண்ணின வில்லை மலையா குமிஞ்சு கெடக்கு. மூடி வெச்சா புழுங்கிப் புழுங்கி விஷக்காத்தக் கக்கும். வாசனையும் வராது, கண்ணுக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் இழுத்தா கால் துவண்டுரும். ஒரு நாள் பூரா திறந்து போட்டுக் காத்தாட விட்டாத்தான் மனுசன் போக முடியும்."

அதிகாரியம்மா கதவைப் பார்த்தார். நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"நாளைக்கு எனக்கு வேற ஆலையில ஆய்வு இருக்கே..."

"உங்க இஷ்டம் மேடம்."

பேனா மூடி திறந்தது. கழிவு மட்டுமே எரிக்கப்படுகிறது என்பதற்குக் கீழே கையெழுத்து விழுந்தது.

கார் மறைந்ததும் மேஸ்திரி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். எலிச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. பரவாயில்லை, உதைத்தால் புத்தி வருகிறது என்று நினைத்துக்கொண்டார்.

"மாப்ள, வெளிய வாங்க. அந்தம்மா தொலஞ்சாச்சு."

பச்சை மரங்களை வில்லைகளுக்கு அடியில் புதைக்கச் சொல்லிக் காலையில் அவர் உள்ளே விட்டுப் பூட்டிய தங்கை புருஷன், கதவோரம் மண்வெட்டியின் மேல் குப்புறக் கிடந்தார். அன்று முழுக்க மேஸ்திரி சொன்னதில் அந்த விஷக்காற்று ஒன்றுதான் உண்மை.