நாய் வேஷம்

"என் பையனை நீங்க நாயாக்கி வெச்சிருக்கீங்க டீச்சர்!"

பாலர் வகுப்பு வாசலில் நின்று வக்கீல் போட்ட சத்தத்தில், உள்ளே பூனையாக இருந்த குழந்தை நிஜமாகவே பயந்து மேஜைக்கு அடியில் ஓடி ஒளிந்துகொண்டது.

டீச்சர் அவசரமாக வெளியே வந்தார்.

"உட்காருங்க சார். என்ன ஆச்சு?"

"உட்கார நேரமில்ல, கோர்ட்டுக்குப் போகணும். நேத்து தட்டைத் தரையில வெச்சுக்கிட்டு, கையே படாம நக்கிச் சாப்பிடறான். காலையில எழுப்பப் போனா 'வள்'ளுங்கறான். தபால்காரரைத் தெருமுனை வரைக்கும் துரத்தியிருக்கான். வாலு வாலுன்னு செல்லமா கூப்பிட்டோம். இப்ப நிஜமாவே வால் முளைச்சிடும் போலிருக்கு!"

டீச்சருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"இது செல்லப்பிராணி வாரம் சார். வீட்டுல வளர்க்கிற பிராணியை எப்படிப் பார்த்துக்கணும்னு விளையாட்டா சொல்லித் தர்றோம். ஒரு குழந்தை பிராணி, ஒண்ணு வளர்க்கிறவங்க, ஒண்ணு டாக்டர். நேரத்துக்குத் தண்ணி வைக்கணும், தலை வாரி விடணும், ஊசிக்குப் பயந்தா தட்டிக் கொடுக்கணும். அவ்வளவுதான். நேத்து மீன் வேஷம் போட்ட பொண்ணு தொட்டியை விட்டு வரவே மாட்டேன்னுட்டா!"

"அதெல்லாம் சரி. வேஷத்தை மாத்தி மாத்தித்தானே கொடுக்கணும்? மத்த பிள்ளைங்க டாக்டரா இருக்கு, எஜமானா இருக்கு. என் பையன் மட்டும் என்ன பாவம் பண்ணினான், தினமும் நாய்?"

"நான் கொடுக்கல சார். அவனேதான்..."

"குழந்தை மேல பழியைப் போடாதீங்க!"

வக்கீல் ஜன்னல் வழியாக உள்ளே கை காட்டினார். மூலையில் வாலு நாலு காலில் நின்றிருந்தான். இடுப்பில் காகிதச் சுருளில் செய்த வால். பக்கத்தில் ஒரு சிறுமி மண்டியிட்டு, பொம்மைச் சீப்பால் அவன் தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

"அது புதுசா சேர்ந்த பொண்ணுதானே? வாயே திறக்காதுன்னு என் வீட்டுக்காரி சொன்னா. வாயே திறக்காத பொண்ணு எஜமானி, வாய் ஓயாத என் பையன் நாயா? இது எந்த ஊர் நியாயம்?"

டீச்சரின் முகம் வாடியது.

"மெதுவா பேசுங்க சார். சேர்ந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை பேசினதில்ல அந்தக் குழந்தை. பாட்டு, கதை, பொம்மலாட்டம்னு எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன். வீட்டுல கிளி மாதிரி பேசறாளாம். இங்க வந்தா வாய்க்குப் பூட்டு. சாயங்காலம் ஆனா அவங்க அம்மா வந்து 'இன்னிக்காவது பேசினாளா?'ன்னு கேட்பாங்க. எனக்கு அவங்க முகத்தைப் பார்க்கவே முடியறதில்ல. வேற பள்ளிக்கூடம் பார்த்துக்கச் சொல்லிடலாம்னு ஹெட்மிஸ்ட்ரஸ் வேற சொல்லிட்டாங்க."

வக்கீல் கொஞ்சம் தணிந்தார். ஆனாலும் வழக்கை விடுவதாக இல்லை.

"பாவம்தான். அதுக்காக என் பையன் வாலாட்டணுமா? இப்பவே என் கண்ணு முன்னாடி வேஷத்தை மாத்துங்க."

டீச்சர் உள்ளே போனார். "வாலு, இன்னிக்கு நீதான் டாக்டர்" என்று பொம்மை ஸ்டெதாஸ்கோப்பை அவன் கழுத்தில் மாட்டினார்.

டீச்சர் திரும்புவதற்குள் அது அடுத்த பையன் கழுத்தில் தொங்கியது. வாலு தன் வாலைச் சரிசெய்துகொண்டு, நாலு காலில் மூலைக்கே போய்ச் சேர்ந்துவிட்டான்.

"டேய்! இங்க வாடா!"

வந்தான், அதே நாலு காலில்.

"எழுந்து நில்லு. டாக்டர் ஆக்கினா வேண்டாங்கறே. நாயா இருன்னு உன்கிட்ட யார் சொன்னது? டீச்சரா?"

"வள்."

"ஒழுங்கா பதில் சொல்லு!"

"நாய் பேசாதுப்பா."

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது. வக்கீலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பேசாதா? முதுகுல ரெண்டு வெச்சா தானா பேசும்!"

வாலு சட்டென்று எழுந்து நின்றான். மூலையைத் திரும்பிப் பார்த்தான். அப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து, காதோரம் கிசுகிசுத்தான்.

"கத்தாதீங்கப்பா, அவ பயந்துடுவா. நான் நாயா இருந்தாத்தான் அவ பேசுவா."

டீச்சருக்கும் அது கேட்டுவிட்டது. "பேசுவாளா? யார்கிட்ட?"

"நாய்கிட்ட, மிஸ். தலை வாரும்போது என் காதுல பேசுவா. பசிக்குதான்னு கேட்பா. பாத்ரூம் எங்க இருக்குன்னே அவளுக்குத் தெரியல. உங்ககிட்ட கேட்கக் கூச்சமாம். நான்தான் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன்."

"ஏன்டா கண்ணு என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க அவளைப் பேசு பேசுன்னு சொல்லுவீங்க. அவளுக்கு மனுஷங்கன்னா பயம் மிஸ். நான் டாக்டராயிட்டா அப்புறம் அவ யார்கிட்ட பேசுவா?"



கதவோரம் சீப்பும் கையுமாக அந்தச் சிறுமி வந்து நின்றாள். உயரமாக நின்ற வக்கீலை அண்ணாந்து பார்த்தாள். பின்வாங்கிவிடுவாள் போலிருந்தது. ஆனால் போகவில்லை.

"என் நாயைத் திட்டாதீங்க, அங்கிள்."

குரல் என்னவோ சின்னதுதான். ஆனால் வகுப்பு மொத்தமும் கப்சிப்பென்று ஆகி அவளையே பார்த்தது. டீச்சர் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

வக்கீல் கோட்டு அழுக்காவதைக்கூடப் பார்க்காமல் தரையில் மண்டியிட்டார். மகனை இழுத்து அணைத்து, அவன் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"திட்டலைம்மா. இவ்வளவு நல்ல நாயை யாராவது திட்டுவாங்களா?"