உபரிக் கம்பி

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இதயத்துடிப்பைக் காட்டும் திரைகளுக்கு மின்சுற்று வரைபவள் தாரிணி. திரையைச் சுற்றியுள்ள கறுப்பு விளிம்பு ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்று மேலாளர் குலசேகரன் சொல்லியிருந்தார். விளிம்பில் ஓடிய கம்பிகளை ஒவ்வொன்றாகப் படம் தெரியும் பரப்புக்கு அடியில் தள்ளினாள். கடைசியில் ஒன்று மிஞ்சியது. வேறொரு கம்பி அறுந்தால் அதன் வேலையைச் செய்வதற்காக வைத்திருந்த உபரிக் கம்பி அது.

"அது எதுக்கும்மா சும்மா? எடுத்துருங்க," என்றார் குலசேகரன்.

எடுத்தாள். விளிம்பு அடங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கப் போனவள் குடிக்காமலே திரும்பினாள். எங்கோ ஒரு கட்டிலருகே துடிப்பின் கோடு பாதியில் மறைவதையும், நர்ஸ் பதறி ஓடி வருவதையும் மனம் ஓயாமல் காட்டிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு அந்தக் கம்பியை மறுபடி வரைந்து, குலசேகரன் அறைக்குப் போனாள்.

"சார், அதைத் திரும்பப் போட்டுட்டேன். விளிம்பு ஒண்ணு புள்ளி ஒண்ணு மில்லிமீட்டர் வருது."

"நாளைக்கு வாங்குறவங்க வந்து அளப்பாங்களே, தாரிணி."

"அளக்கட்டும் சார். ஏன்னு கேட்டா நானே சொல்றேன்."

குலசேகரன் பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

"ஏன்னு முதல்ல எங்கிட்ட சொல்லுங்க," என்றார்.